தாமதமாக வந்தவர்

என் வேலை என்னவென்று ஒருவருக்கு விளக்கிச் சொல்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும். டாக்டர்கள் எழுதும் கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் திருத்துகிறேன் என்று சொன்னால், "டாக்டருக்கே நீ திருத்தம் சொல்றியா?" என்று கேட்பார்கள். மருத்துவம் எனக்குத் தெரியாது. எந்த இங்கிலீஷ் வார்த்தை எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்பது மட்டும் தெரியும். சிவியர் என்றால் வலி எவ்வளவு கடுமை என்று அர்த்தம். சீரியஸ் என்றால் அதனால் ஆளுக்கு என்ன ஆகும் என்று அர்த்தம். மண்டையைப் பிளக்கும் தலைவலி சிவியர்தான், ஆனால் மறுநாள் எழுந்து வேலைக்குப் போய்விட்டால் அது சீரியஸ் இல்லை. டாக்டர்கள் இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள், நான் பிரித்து வைப்பேன். இதற்கு மாதம் பிறந்தால் சம்பளமும் தருகிறார்கள்.

பக்கத்து மேசைக்காரியின் பட்டப்பெயர் கமா. கண்ட இடத்தில் எல்லாம் ஒரு காற்புள்ளி வைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அவளும் நானும் சேர்ந்தால் டாக்டர்களின் இங்கிலீஷைப் படாத பாடு படுத்துவோம். நோயாளி புகைபிடிப்பதை 'டினை' செய்தார், அதாவது மறுத்தார் என்று எழுதியிருப்பார்கள். "ஏன், போலீஸ் ஸ்டேஷன்ல வெச்சு விசாரிச்சாங்களாமா?" என்பாள் கமா. அடித்துவிட்டு, அவர் புகைபிடிப்பதில்லை என்று போடுவோம். நோயாளி 'எக்ஸ்பயர்' ஆனார் என்றால், "பால் பாக்கெட்டா?" என்பாள். ஆள் இறந்தார், அவ்வளவுதான். ஆண் நோயாளியை 'மேல்' என்று எழுதினால் 'மேன்' என்று மாற்றுவோம். எலியைச் சோதித்துவிட்டு அது ஆணா பெண்ணா என்று குறிப்பதற்கு 'மேல்' சரி, மனிதனை மனிதன் என்று சொல்வதில் என்ன நஷ்டம்?

என் கணவர் இறந்து ஒரு மாதம் முடிவதற்குள் நான் வேலைக்குத் திரும்பிவிட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தார்கள். நான் அழவில்லை. ஆஸ்பத்திரியிலும் அழவில்லை, வீட்டுக்கு வந்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதபோதும் அழவில்லை. கல்நெஞ்சக்காரி என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒருவர் என்னிடம் பேசினால் அது என்னை வந்து சேர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. டீ சூடாக இருக்கிறது என்று தெரியும், ருசி தெரியாது. பஸ்ஸில் ஏறுவேன், சரியான இடத்தில் இறங்குவேன், நடுவில் எந்தெந்தத் தெரு போனது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள உயரமான கட்டடங்களின் வயிற்றுக்குள் இறங்கி, கம்பிவடத்தையும் உருளையையும் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் கிரீஸோடு வீட்டுக்கு வருவார். போன வருடம் திடீரென்று படபடப்பு என்றார். உட்கார்ந்த இடத்தில் நெஞ்சு அடித்துக்கொள்ளும், சட்டை நனைந்து ஒட்டிக்கொள்ளும், தலை வலிக்கும். கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரி எழுந்து போவார். ஆஸ்பத்திரிக்குப் போனோம். வெளிநோயாளிப் பிரிவில் இருந்த டாக்டர், "லிஃப்ட் குழிக்குள்ள தொங்கிட்டு வேலை பாக்குறீங்க, படபடப்பு வராம என்ன பண்ணும்? மனசை லேசா வெச்சுக்குங்க" என்று ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மறுபடி போனோம், மாத்திரை மாறியது. மூன்றாவது முறை போனபோது லீவு எடுத்துக்கொண்டு எங்காவது போய்வரச் சொன்னார். போய்வர யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில் அவர் குளியலறையில் விழுந்தார். அவசர சிகிச்சைப் பிரிவில் வேறொரு டாக்டர் ஸ்கேன் எடுத்து, சிறுநீரகத்தின் உச்சியில் இருக்கும் சின்னச் சுரப்பியில் ஒரு கட்டி இருக்கிறது, எல்லாம் அதன் வேலைதான் என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்த மறுநாள் என் கணவர் போய்விட்டார்.

இந்த மூன்று தடவையும் எங்கள் இருவருக்கும்தான் தெரியும். "அம்மாகிட்ட சொல்லாத, ஊரையே கூட்டிடுவாங்க" என்று அவர் கேட்டுக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத்தான் போனோம்.

அதனால் என் மாமியாரைப் பொறுத்தவரை, அவர் பிள்ளை நன்றாக நடமாடிக்கொண்டிருந்து ஒரு நாள் விழுந்தான். கூடவே இருந்த பெண்டாட்டி எதையும் கவனிக்கவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் ஒருவர் விடாமல் அவர் வாயால் இதைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள். "நேரத்துக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா என் பிள்ளை இருந்திருப்பான். இவளுக்கு எங்க நேரம்? கண்டவங்க எழுதுன இங்கிலீஷைத் திருத்தவே இவளுக்குப் பொழுது போதலை." நான் அறைக்குள் இருப்பது அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்வார்.

ஒரே ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். "மூணு தடவை போனோம் அத்தை. டென்ஷன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"மூணு தடவை பாத்தும் தெரியலைன்னா அவங்க என்ன மாடு மேய்க்கிறவங்களா? அத்தனை வருஷம் படிச்ச டாக்டரு. நீ தப்பிக்கிறதுக்கு அவங்க மேல பழி போடாத." அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நானும் விட்டுவிட்டேன். வாதாடுவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர் போன் செய்தார். அபூர்வமான நோய் என்பதால் ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு இதைப் பற்றி எழுத விரும்புகிறார். பெயர் வராது, முகம் வராது. ஆனால் நெருங்கிய உறவினர் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பத்திரிகையில் எடுத்துக்கொள்வார்கள். "நீங்க இந்த வேலையிலேயே இருக்கீங்க மேடம், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை" என்றார். அனுப்புங்கள் என்றேன். அலுவலகத்தில் பிரிண்ட் எடுத்து, மடித்து, பைக்குள் வைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையில் அதை விரித்தேன். எதிரில் அத்தை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் செய்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னையே பிடிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்ததும் கை தானாகப் பையில் இருந்த சிவப்புப் பேனாவை எடுத்தது. நாற்பத்தொரு வயது 'மேல்' என்று டாக்டர் ஆரம்பித்திருந்தார். மேன் என்று மாற்றினேன். நோயாளி மது அருந்துவதை டினை செய்தார் என்று இருந்தது. மாற்றினேன். ஓர் இடத்தில் கமா தேவைப்பட்டது, வைத்தேன். கடைசிப் பத்தியில் எல்லா முயற்சிக்கும் பிறகு நோயாளி எக்ஸ்பயர் ஆனார் என்று இருந்தது. அடித்துவிட்டு, இறந்தார் என்று எழுதினேன். பேனாவை மூடினேன். மூடிய பிறகுதான், இதுவரை நான் யாருடைய சாவைத் திருத்திக்கொண்டிருந்தேன் என்பது எனக்கு உறைத்தது. ஓர் எழுத்துகூடக் கோணவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"அவனைப் பத்தித்தானே?" என்றார் அத்தை. கத்தியைக் கீழே வைத்திருந்தார். "என்ன எழுதியிருக்காங்க? எனக்கும் படிச்சுக் காட்டு."

அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். லிஃப்ட் மெக்கானிக் என்ற இடத்தில் தலையை ஆட்டினார். கட்டி எவ்வளவு பெரிது என்ற இடத்தில் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்து அளவு பார்த்தார். இரண்டாவது பக்கத்தில் பாதிவரை போயிருப்பேன். 'ப்ரசென்டட் லேட்' என்று ஒரு தொடர் வந்தது. ஆயிரம் கட்டுரைகளில் பார்த்த தொடர். பிழையில்லாத, வழுவழுப்பான தொடர். சற்று முன்பு திருத்தியபோது அதன் மேல் என் பேனா நிற்கவே இல்லை. தமிழில் சொல்ல வாயைத் திறந்தபோதுதான் அது என்ன சொல்கிறது என்றே எனக்குக் கேட்டது.

அங்கே நான் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வரியைத் தாண்டிப் போயிருந்தால் அத்தைக்குத் தெரியவா போகிறது? ஆனால் எழுதியிருப்பதை எழுதியபடி சொல்வது என் தொழில். அது என்னை விடவில்லை.

"நோய் முற்றின பிறகு, தாமதமாகத்தான் நோயாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார்" என்றேன்.

அத்தை ஒரு பீன்ஸை எடுத்து முனையைக் கிள்ளினார். பிறகு, "அதைத்தானே நானும் சொல்றேன்" என்றார். குரலில் வெற்றி எதுவும் இல்லை. "டாக்டரே எழுதிட்டாரு. இனிமே நீ என்ன சொல்லப் போற?" நறுக்கிய பீன்ஸை அள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

எனக்குக் கோபம் வந்தது. பல வாரங்களாக எதுவுமே வராத இடத்தில் முதலில் வந்தது கோபம்தான். அத்தை மேல் இல்லை, என் சிவப்புப் பேனா மேல். கமாவை எல்லாம் பார்த்த பேனா, என் புருஷன் தலையில் எழுதியிருந்த பழியைப் பார்க்காமல் போயிருக்கிறது.

மறுநாள் கமாவிடம் காட்டினேன். படித்துவிட்டு அவள் கமா எதுவும் வைக்கவில்லை.

"நேரத்துக்கு வந்தாரு, இவங்கதான் லேட்டா கண்டுபிடிச்சாங்கன்னு மாத்துங்கக்கா."

"எழுதினவர் சொல்ல வந்த விஷயத்தை நாம மாத்தக் கூடாது. தெரியும்ல?"

அது எங்கள் தொழிலின் முதல் பாடம். வார்த்தையை மாற்றலாம், உண்மையை மாற்றக் கூடாது. உண்மையில் சந்தேகம் வந்தால் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி, எழுதியவருக்கே அனுப்ப வேண்டும். தாங்கள் சொல்ல விரும்புவது இதுதானா என்று, ரொம்பப் பணிவாக.

"அப்போ சைன் பண்ணாதீங்க. பேப்பரே வராது. முடிஞ்சு போச்சு."

"பேப்பர் வரலைன்னா, அடுத்து படபடப்புன்னு போற ஆளையும் டென்ஷன்னு சொல்லித்தான் அனுப்புவாங்க" என்றேன். கமா என் தோளைத் தொட வந்து, என்ன நினைத்தாளோ, மேசை விளிம்பைத் தொட்டுவிட்டுப் போனாள். ஓரத்தில் கேள்வியை எழுதினேன். எழுதியதைப் பார்த்தேன். பணிவு தாங்க முடியவில்லை. மத்தியானம் லீவு போட்டுவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கே போனேன்.

டாக்டரின் அறை ஒரு பெட்டி அளவுதான். மேசையில் பாதி கடித்த பிஸ்கட், அணைத்து வைத்த போன், கை கழுவும் திரவம். எனக்கு ஞாபகம் இருந்ததைவிடச் சின்ன வயசுக்காரராக இருந்தார். என் திருத்தங்களைப் பார்த்து, "எவ்வளவு அழகா பண்ணியிருக்கீங்க மேடம்" என்று ஆரம்பித்தார்.

"ரெண்டாவது பக்கம் பாருங்க டாக்டர். தாமதமா வந்தாருன்னு எழுதியிருக்கீங்க. அவரு இதே ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை வந்தாரு. பழைய சீட்டெல்லாம் பாத்தீங்களா?"

அவர் முகம் மாறியது. "பாத்தேன்" என்றார். "பாத்துட்டுத்தான் எழுதினேன். நிஜமாவே வேணும்னு எழுதலை மேடம். இந்த மாதிரி கட்டுரைல அந்த இடத்துல அதுதான் வரும். கை தானா எழுதிடுச்சு."

கை தானாகச் செய்வதைப் பற்றி நான் அவருக்குப் பாடம் எடுக்க முடியாது. "அப்போ மிஸ்ட்னு போடுங்க. மூணு தடவை வந்தாரு, மூணு தடவையும் கோட்டை விட்டாங்கன்னு."

"மிஸ்ட்னு போட்டா, பேப்பரைப் பாக்குற எங்க ஆஸ்பத்திரி கமிட்டியே வெளிய விடாது. அப்படியே கிடப்புல போட்டுடுவாங்க." பிஸ்கட்டை ஒரு காகிதத்தால் மூடினார். "டயக்னோசிஸ் வாஸ் டிலேட்னு போடலாம். நோயைக் கண்டறிவது தாமதமாயிற்று. எல்லாரும் ஒத்துக்கிற வார்த்தை."

எல்லோரும் ஒத்துக்கொள்ளும் வார்த்தைதான். அதில் ஆளே இல்லை. மழை பெய்தது என்பதுபோல, தாமதமாயிற்று. நானே அதை எத்தனையோ கட்டுரைகளில் சரி என்று விட்டிருக்கிறேன். "மூணு தடவை வந்தாருங்கிறதையாவது போடுவீங்களா?"

"அது போடலாம். தேதியோட போடுறேன். யாரு பாத்தாங்கன்னு மட்டும் போட முடியாது."

யோசித்தேன். அச்சில் வரப்போவதை எங்கோ இருக்கும் டாக்டர்கள் படிப்பார்கள். தேதிகளைப் பார்த்தால் அவர்களுக்குப் புரியும், புரிய வேண்டியவர்கள் அவர்கள்தான். ஆனால் என் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் ஒருவர் அந்தப் பத்திரிகையைக் கையால் தொடப் போவதில்லை. எனக்கு வேண்டியது அந்த ஒரு வாசகர்.

"சரி, டிலேட்னே போடுங்க. நான் சைன் பண்றேன்" என்றேன். "ஆனா நீங்க எங்க வீட்டுக்கு வரணும். என்ன நடந்துச்சுன்னு என் மாமியார்கிட்ட தமிழ்ல சொல்லணும். சொன்னப்புறம்தான் கையெழுத்து."

அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். கமிட்டிக்கு மட்டும் தெரியக் கூடாது என்றார். நான் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறேன்?

அந்த வாரக் கடைசியில் மாலையில் வந்தார். அத்தை அவருக்கு நல்ல நாற்காலியைப் போட்டு, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, தான் நின்றுகொண்டே இருந்தார். டாக்டர் என்றால் அவருக்கு அவ்வளவு மரியாதை. நான் டீயை வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தேன்.

"அம்மா, உங்க பையன் விஷயத்துல..." என்று ஆரம்பித்தார். "டயக்னோசிஸ் கொஞ்சம் டிலே ஆயிடுச்சு."

"புரியலைங்களே."

"அதாவது, நோயைக் கண்டுபிடிக்கிறது தாமதமாயிடுச்சு."

"ஆமா, தாமதமாத்தான் கூட்டிட்டு வந்தா. நான் சொல்லிட்டுத்தான் இருக்கேன்" என்றார் அத்தை, என்னைப் பார்க்காமல்.

"இல்லம்மா, அப்படி இல்ல." டீயைக் கையில் எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். இங்கிலீஷில் அவருக்குக் கைகொடுத்த வார்த்தைகள் எல்லாம் இங்கே ஒவ்வொன்றாகக் காலை வாரிவிட்டன. "சந்தர்ப்ப சூழ்நிலையில..." என்று பாதியில் நிறுத்தினார். எனக்கு அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. அந்த மூன்று தடவையும் பார்த்தவர் இவர் இல்லை. யாரோ விட்டுப் போனதற்கு இவர் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"யாருங்க தாமதம் பண்ணினது?" என்றார் அத்தை. சாதாரணமாகத்தான் கேட்டார்.

"நாங்கதாம்மா." தலையை நிமிர்த்தி அவரையே பார்த்துச் சொன்னார். "உங்க பையன் நேரத்துக்குத்தான் வந்தாரு. இவங்கதான் கூட்டிட்டு வந்தாங்க. மூணு தடவை வந்தாங்க. எங்க ஆஸ்பத்திரியிலதான் கவனிக்காம அனுப்பிட்டோம். முதல் தடவையே ஸ்கேன் எடுத்திருந்தா பெரும்பாலும் பிழைச்சிருப்பாரு. தப்பு எங்களோடது. இவங்க மேல ஒரு தப்பும் இல்ல."

அத்தை மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். டாக்டரைத் திட்டவில்லை. டாக்டர் இன்னும் கொஞ்ச நேரம் இருந்தார், இருப்பதா போவதா என்று தெரியாமல். நான் காகிதத்தை வாங்கி, உறவுமுறை என்ற இடத்தில் மனைவி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். வாசல்வரை போனேன். செருப்பை மாட்டிக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்றார். எதற்கு என்று அவருக்கும் தெரிந்திருக்காது.

திரும்பி வந்தபோது அத்தை அதே இடத்தில் இருந்தார். எனக்கு ஒரு நிம்மதி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இவ்வளவு அலைந்தேன், வீட்டுக்கே வந்துவிட்டது. நிம்மதி வரவில்லை. இத்தனை நாளும் அத்தைக்கு மனசுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். இனி பதில் சொல்ல எதுவும் இல்லை. என் புருஷன் இல்லை என்பது மட்டும்தான் மிச்சம்.

"எல்லார்கிட்டயும் உன்னைச் சொல்லிட்டேன்" என்றார் அத்தை.

"விடுங்க அத்தை."

"விட மாட்டேன். ஒருத்தர் விடாம போய் மாத்திச் சொல்றேன்." முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். "உன்மேல பழியப் போட்டுட்டு இருந்தப்போ எனக்குக் கொஞ்சமாவது தூக்கம் வந்துச்சும்மா. இனிமே யார்மேல போட? அந்த டாக்டர் பையனைப் பாத்தா அவன் மேலயும் போட முடியலை."

"என்மேலயே போட்டுக்குங்க அத்தை. எனக்குப் பழகிடுச்சு" என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

"போடி" என்றார். சிரிப்பு வருவதுபோல இருந்தது. பிறகு அந்த அறையில் யாரோ பெரிய குரலில் அழுதார்கள். அத்தைதான் என்று நினைத்து அவர் பக்கம் நகர்ந்தேன். அவர் இரண்டு கைகளாலும் என் முகத்தைப் பிடித்துத் துடைத்தபோதுதான் அது நான் என்று தெரிந்தது.